நசுங்காத எலுமிச்சம்பழம்

9.10.2004, சனி

இவருடைய இடது கால் கிளட்ச் மிதிக்காது. அதனால்தான் கிளட்ச் இல்லாத அந்தப் பழைய ஆட்டோமேட்டிக் காரை விடாமல் வைத்திருக்கிறோம். விவேக் நகர் மெக்கானிக் இன்றைக்கு ஆயில் மாற்றப் போனபோது முன்கூட்டியே சொன்னான்: "ரொம்ப ஓடின வண்டிண்ணா. புது கியர் ஆயிலைச் சிலது தாங்கும், சிலது தாங்காது."

"சும்மா மாத்துப்பா" என்றார் இவர். ஓடுகிற வண்டியை எதற்குத் தொட வேண்டும் என்று எனக்குச் சுருக்கென்றது.

பழைய ஆயில் டிகாக்ஷன் மாதிரி கறுப்பாக இறங்கியது. புதுசு ஊற்றி, வழக்கம்போல் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். இவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க எஞ்சின்தான் அலறியது. வண்டி நகரவில்லை.

அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும், பஸ்ஸில் போன காலத்து ஊன்றுகோலைப் பரணிலிருந்து எடுத்துத் தரச் சொன்னார். ஒட்டடை துடைத்துக் கொடுத்தேன். திங்கட்கிழமை ஆபீஸ்.

பழம் இன்னும் அங்கே முழுசாகக் கிடக்கும்.