மூன்றாவது பெஞ்சுக்குத் தந்தி

ஜூன் 9
பார்சல் வந்துவிட்டது. ஆனால் தர மாட்டார்களாம்.

மகளின் காதுக் கருவியோடு சேருகிற மைக் அது. டீச்சர் கழுத்தில் மாட்டிக்கொண்டு பேசினால் இவள் காதில் நேராக விழும். இப்போது உதட்டைப் பார்த்துத்தான் பாதிப் பாடம் பிடிக்கிறாள். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் அதுவும் போச்சு. இந்தப் பருவத் தேர்வில் தேறாவிட்டால் கீழ் வகுப்புக்கு அனுப்பிவிடுவோம் என்று தலைமையாசிரியை சொல்லியாயிற்று. என் அவசரம் பார்சல் ஆபீசுக்கு எங்கே தெரியப்போகிறது?

ஜூன் 12
மருந்துக்கடை முதலாளியிடம் கெஞ்சி அரை நாள் லீவு வாங்கிக்கொண்டு போனேன். கவுண்ட்டரில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட அதிகாரி. டப்பாவை இப்படியும் அப்படியும் புரட்டிவிட்டு, இது கம்பியில்லாத் தந்திக் கருவி என்றார். கம்பி இல்லாமல் சேதி அனுப்புகிற எதுவும் சட்டப்படி தந்திதானாம். லைசென்ஸ் வேண்டுமாம். விண்ணப்பத்தை அவரே வாசித்து நிரப்பினார்.

"தந்தி எங்கேருந்து எங்க போகும்?"

"கரும்பலகையிலேருந்து மூணாவது பெஞ்சுக்கு, சார்."

சிரிக்கவே இல்லை மனுஷன். எழுதிக்கொண்டார். அவர் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. அதற்கு மட்டும் கம்பி இருக்கிறதா என்று கேட்டேன். அது தொலைபேசி, அதற்குத் தனிச் சட்டம் என்றார்.

ஜூன் 13
தலைவலி. கடையிலிருந்த மாத்திரையை நானே போட்டுக்கொண்டேன்.

ஜூன் 17
லைசென்ஸ் பிரிவு வேறு கட்டடம். மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றால், அங்கிருந்த அம்மாள் சொல்கிறார் — கருவியை இயக்குபவர் தந்தி அடிக்கிற பரீட்சையில் தேறியிருக்க வேண்டுமாம். புள்ளியும் கோடுமாக அடிப்பார்களே, அது. டீச்சர் அதை எங்கே போய்ப் படிப்பார்? சரி, பரீட்சை எப்போது என்றேன். பரீட்சை வைப்பவர் ரிட்டயர் ஆகி வருஷக்கணக்காகிவிட்டது, அந்த இடம் காலி. ஆட்சேபம் இருந்தால் தந்தி மூலம் தெரிவிக்கலாமாம். தந்தி ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செருப்புக்கடை இருக்கிறது, தாயே! நான் என்ன, சுவரில் போய் முட்டிக்கொள்ளவா?

ஜூன் 18
காலையில் வீட்டுக்காரரிடம் கத்தினேன். அந்த ஆபீசுக்கு டயல் பண்ணுங்க, எடுக்கற வரைக்கும் போனைக் கீழ வைக்காதீங்க என்று. மகள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டயல்னா என்னம்மா?"

பழைய போனில் நம்பர் சுற்றுகிற மாதிரி விரலைக் காற்றில் சுற்றிக் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அதிகாரியைத் திட்டுகிறேனே, நான் மட்டும் என்ன யோக்கியம்? அதை நினைத்தும் எரிச்சல்தான் வந்தது.

ஜூன் 24
வகுப்பில் சொல்வதெழுதுதல். 'மாலை' என்று டீச்சர் சொன்னதற்கு 'பாலை' என்று எழுதியிருக்கிறாள். 'மணம்' 'பணம்' ஆகியிருக்கிறது. பக்கம் முழுக்கச் சிவப்பு மை. ம-வும் ப-வும் உதட்டில் ஒன்றுபோலத்தான் இருக்கும். கண்ணாடி முன் நின்று நானே சொல்லிப் பார்த்தேன். அவள் தப்பாகவா எழுதினாள்? பார்த்ததைத்தானே எழுதினாள்.

ஜூன் 26
மறுபடி பார்சல் ஆபீஸ். சோடாபுட்டி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார், "விளையாட்டுச் சாமானுக்கு லைசென்ஸ் வேணாம்மா. பொம்மைன்னு எழுதிக் கையெழுத்து போடுங்க, இப்பவே எடுத்துட்டுப் போகலாம்."

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளை காது கேட்பது விளையாட்டா? வெறுங்கையோடு திரும்பிவிட்டேன். இந்த வீம்பு யாருக்காக — அவளுக்காகவா, எனக்காகவா?

ஜூன் 27
பொம்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

குழந்தை நன்றாக விளையாடட்டும் என்றார் சோடாபுட்டி. டப்பாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

ஜூலை 3
இன்றுதான் டீச்சர் முதல்முறையாக நாள் முழுக்க மைக் மாட்டிக்கொண்டார். சாயங்காலம் மகள் வந்ததும் பையை வீசினாள், கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். காது கேட்கவில்லையா என்று ஜாடையில் கேட்டேன்.

"கேக்குதும்மா. ஆனா டீச்சர் வாயே மூட மாட்டேங்கறாங்க. பின்னாடி திரும்பி நின்னாக்கூட தொணதொணன்னு... தலை வலிக்குது."

இத்தனை நாளும் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் தோளைக் குலுக்கிவிட்டுப் போவாள். இன்று சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் டீச்சரைத் திட்டித் தீர்த்தாள். டீச்சரை அப்படியெல்லாம் பேசக்கூடாது என்று நான் அதட்டியிருக்க வேண்டும். அதட்டவில்லை. இன்னொரு கரண்டி சோறு போட்டுவிட்டு, அப்புறம் என்ன சொன்னாங்க என்று கேட்டேன்.