பஸ்ஸைப் பற்றிச் சில கேள்விகள்

வவுணதீவு,
8 ஜூன் 2025

மதிப்புக்குரிய திருமதி சீதேவி சாமித்தம்பி அவர்களுக்கு,

இன்று காலை உங்கள் வளவில் நின்ற பள்ளிக்கூட பஸ்ஸைப் பார்க்க மூன்று பேர் வந்தோம். அதில் பேசாமல் நின்ற பெண் நான். இங்குள்ள பாடசாலையில் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். தொலைபேசி இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். தொலைபேசியில் எல்லாரும் “ஒரு பிரச்சினையும் இல்ல” என்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

எங்கள் பக்கத்திலிருந்து ஏழு பிள்ளைகள் பாலம் கடந்து போய் நகரத்தில் உயர்தர விஞ்ஞானம் படிக்கிறார்கள். காலை பஸ் சில நாள் நிரம்பி வந்து நிற்காமல் போகும். சில நாள் வரவே வராது. முதற்பாடம் அவர்களுக்குக் கிடைப்பதே அபூர்வம். இப்படியே போனால் மூன்றாந் தவணையில் ஊர்ப் பாடசாலையின் கலைப்பிரிவுக்கு மாற்றிவிடுவதென்று பெற்றோர் முடிவெடுத்துவிட்டார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்தால் ஒரு பஸ் நிரம்பும், நாங்களே வாங்கி ஓட்டலாம் என்று யாரோ சொல்ல, பார்த்து வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு வாகனம் தெரியாது. சந்தேகப்படத் தெரியும். அதற்காகத்தான் தெரிவு செய்தார்கள் போலிருக்கிறது.

ஓடுகிற பஸ்ஸை ஏன் விற்கிறீர்கள்? காலையில் மறுப்பில்லாமல் ஸ்டார்ட் ஆகுமா? இதுவரை பிள்ளைகளைத் தவிர வேறு என்ன ஏற்றினீர்கள்? பதிவு யாருடைய பெயரில் இருக்கிறது? கையெழுத்து மட்டும் வைத்த வெற்றுப் படிவத்தோடு கைமாறும் வியாபாரத்துக்கு நான் உடன்பட மாட்டேன்; பெயர் மாற்றித் தர வேண்டும். கடைசியாக, சாரதி ஆசனத்துக்கு மேலே ஒரு மாட்டு மணி கட்டியிருக்கிறதே, அது எதற்கு? இந்தக் கேள்விக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை. அறிய ஆவல், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ப. சிவமணி


வாகரை,
15.06.2025

அன்பான டீச்சருக்கு, சீதேவி எழுதிக்கொள்வது.

உங்கட கடிதத்த இவருக்கு வாசிச்சுக் காட்டினன். “பஸ்ஸுக்குச் சம்பந்தம் பேச வந்தாக்கள் போல கேட்டிருக்கிறா” எண்டு சிரிச்சார். எங்கட மகள் பிரஷாந்தியப் பொண் பாக்க வந்தாக்களும் இவ்வளவு கேக்கல்ல டீச்சர்.

விக்கிறதுக்குக் காரணம் இவர்ர கண். சீனி வருத்தம் கண்ணுக்குள்ள போயிற்று. ஒரு நாள் பிள்ளைகள இறக்கிப்போட்டு வந்து, திறப்ப என்ட கையில தந்து, “மங்கல் கண்ணோட பிறத்தியார்ர பிள்ளைகள ஏத்தக் கூடாது” எண்டார். டொக்டர் சொல்ல முதல் அவரே சொல்லிற்றார்.

பேர் இவர்ர பேர்தான். நேர வந்து நிண்டு மாத்தித் தருவார். ஸ்டார்ட்டப் பத்திக் கேட்டீங்க. இத்தன வருசத்தில விடியக்காலம் ஒரு வெள்ளாப்பிலயும் எங்கள ஏமாத்தினதில்ல. ஏத்தினது பிள்ளைகள் மட்டும்தான், வேற லோட் ஒண்டும் ஏத்தல்ல.

மணியக் கேட்டீங்களே, அதுதான் எனக்குச் சந்தோசம். இவருக்கு இடப்பக்கக் காது கேக்காது. “மாமா இறக்கம், மாமா இறக்கம்” எண்டு பிள்ளைகள் கத்துவாங்க, இவர் பாட்டுக்கு ஓடுவார். மறுகா நான்தான் எங்கட மாட்டுட மணியக் கழட்டி, பின் சீட் வரைக்கும் கயிறு இழுத்துக் கட்டிவிட்டன். மாடு கொஞ்ச நாள் மணி இல்லாம திரிஞ்சுது.

இப்ப நான் ஒண்டு கேக்கிறன். உங்கட பிள்ளையும் இந்த பஸ்ஸிலதான் போகப் போகுதா?

அன்புடன்,
சா. சீதேவி


வவுணதீவு,
29 ஜூன் 2025

மதிப்புக்குரிய திருமதி சீதேவி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு நன்றி. மணியின் கதையைப் பெற்றோருக்குச் சொன்னேன்.

நேற்று ஏறாவூர் மெக்கானிக் மஜீட்டைக் கூட்டிவந்தபோது நீங்கள் வீட்டில் இல்லை. உங்கள் கணவர் தேநீர் தந்தார். மஜீட் பஸ்ஸுக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, “டீச்சர், இது என்ன கடலுக்க கிடந்த சாமானா?” என்றார். எஞ்சின் நல்லது, கியர் நல்லது. ஆனால் பின்பக்கத் தரைத்தகடு அரித்துப்போய், விரலால் அழுத்தினால் உதிர்கிறது. மடிப்புகளில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. கடைசி இரண்டு வரிசை ஆசனங்களின் நட்டுகள் மட்டும் துருவில்லாமல் மினுங்குகின்றன. அடிக்கடி கழற்றிப் பூட்டினால்தான் அப்படி இருக்கும்.

அந்த வெள்ளைப் படிவைக் கொஞ்சம் சுரண்டி, காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தேன். பாடசாலை ஆய்வுகூடத்தில் கரைத்து, வெள்ளி நைத்திரேற்று விட்டுப் பார்த்தேன். உடனே பால் போல வெள்ளையாகத் திரண்டது. உப்பு. மழைத்தண்ணீர் இதைச் செய்யாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் செய்யமாட்டார்கள்.

இந்த பஸ் வெள்ளத்திலோ கடல்நீரிலோ நின்றதா? பிள்ளைகளைத் தவிர ஒன்றும் ஏற்றவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எழுத்தில் கேட்டதற்குக் காரணமே எழுத்தை நம்பலாம் என்பதுதான். வரும் கிழமை பெற்றோர் கூடுகிறார்கள். தெளிவான பதில் இல்லாவிட்டால் வேண்டாமென்று சொல்லவேண்டி வரும். தவணை தொடங்குவதற்குள் இன்னொரு பஸ் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

இப்படிக்கு,
ப. சிவமணி


வாகரை,
04.07.2025

டீச்சருக்கு,

உங்கட கடிதத்தில மரியாதைக்கு ஒரு குறையும் இல்ல. பொய்க்காரி எண்ட சொல்ல மட்டும் எழுதாம எழுதியிருந்தீங்க. ரெண்டு நாள் நான் பேனையத் தொடல்ல.

அது கருவாடு டீச்சர். பள்ளிக்கூடம் லீவு விட்டா பின் சீட்டுகளக் கழட்டி வளவுக்க வைச்சுப்போட்டு, என்ட தம்பிமார்ர கடற்கரை மீன் வாடியில இருந்து கருவாட்ட ஏத்திக்கொண்டு மட்டக்களப்புக்குப் போவார். நல்லாக் காயவைச்சுத்தான் ஏத்துறது, எண்டாலும் உப்புத் தண்ணி கொஞ்சம் வடியும். பள்ளிக்கூடம் தொடங்க முதல் கழுவி, சீட்டப் பூட்டிருவம்.

வேற என்ன ஏத்தினீங்க எண்டு நீங்க கேக்கக்க எனக்கு இது நினைவிலயே வரல்ல. லோட் எண்டா மணல், கல்லு, சீமெந்து. வீட்டுக் கருவாட்ட லோட் எண்டு ஆரும் சொல்லுவாங்களாகா? நீங்க சந்தையில தேங்காய் வாங்கி பேக்குக்குள்ள போட்டா லோட் ஏத்தினன் எண்டா சொல்லுவீங்க? மணக்குதே எண்டு கேட்டிருந்தா உடனே சொல்லியிருப்பன். எங்களுக்கு அந்த மணம் தெரியிறதில்ல.

பொலன்னறுவையில இருந்து ஒரு ஆள் வந்து பாத்தார். அடித்தட்டப் பத்தி அவர் ஒண்டும் கேக்கல்ல. பக்கத்த வெட்டி யன்னல் வைச்சு, கொத்துரொட்டிக் கடை போடப் போறாராம். இவர் அதக் கேட்டுக்கொண்டிருந்துபோட்டு, எழும்பிக் கடற்கரைப் பக்கம் போயிற்றார். உங்களுக்கு வேணாமெண்டா சொல்லுங்க, அந்த ஆளுக்குக் குடுத்திருவம்.

உங்கட அந்த வெள்ளி மருந்து கிணத்துத் தண்ணியில உப்பு எவ்வளவு எண்டும் சொல்லுமா எண்டு இவர் கேக்கச் சொன்னார். கோபம் எனக்குத்தான், அவருக்கு இல்ல.

நான் கேட்டதுக்கு நீங்க பதில் எழுதல்ல.

சா. சீதேவி


வவுணதீவு,
13 ஜூலை 2025

அன்புள்ள சீதேவி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பெற்றோர் கூட்டத்தில் முழுவதும் வாசித்தேன். என்னைப் பற்றிய வரிகளையும் விடவில்லை. கருவாடு வந்ததும் சபை சிரித்தது. கனகசூரியம் என்று ஒருவர், ஏழு பிள்ளைகளில் ஒருத்தியான விதுர்ஷாவின் தகப்பன், எழும்பிச் சொன்னார்: “அந்த அக்கா சொல்றது சரிதானே டீச்சர். நான் வயல் வட்டைக்குள்ள இருந்து வீட்டுக்கு நெல்லு மூட்ட கொண்டுவாறன். அத லோட் எண்டா சொல்லுவன்?” அங்கிருந்த எல்லாருக்கும் அது விளங்கியது, எனக்கு மட்டும்தான் முதலில் விளங்கவில்லை.

இன்னொன்றும் எழுதவேண்டும். மணம் முதல் நாளே எனக்குத் தெரிந்தது. அது உங்கள் ஊரின் மணம் என்று நினைத்தேன். கேட்பது மரியாதையில்லை என்று விட்டேன். எல்லாவற்றையும் கேட்டவள் அதை மட்டும் கேட்கவில்லை. உங்களை அப்படி எழுதியதற்கு வருந்துகிறேன்.

மஜீட்டோடு வந்த அன்றே செசியை, பஸ்ஸின் அடிச்சட்டத்தை, நானே சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தேன். அது உறுதியாக இருக்கிறது. தரைத்தகட்டை வெட்டியெடுத்துப் புதிதாக ஒட்டித் தர மஜீட் சம்மதித்துவிட்டார். தயவுசெய்து பஸ்ஸைக் கொத்துரொட்டிக்குக் கொடுக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை வருகிறோம். கிணற்றுத் தண்ணீரை ஒரு சுத்தமான போத்தலில் எடுத்து வையுங்கள். மணியையும் கயிற்றையும் கழற்ற வேண்டாம் என்று பிள்ளைகள் சொல்லச் சொன்னார்கள்.

உங்கள் கேள்வி நினைவிருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

சிவமணி


வவுணதீவு,
19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பெயர் மாற்றம் முடிந்து, புகைப் பரிசோதனை, காப்புறுதி எல்லாம் சரிவந்து, மாமாங்கக் கோயிலில் தேங்காய் உடைத்து, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, ஒரு குறையும் விடவில்லை. தேசிக்காயில் எனக்கு நம்பிக்கை இல்லை. வைக்க வேண்டாமென்றும் நான் சொல்லவில்லை.

நேற்றுத்தான் தவணையின் முதல் நாள். வெள்ளைச் சீருடையோடு பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தார்கள். எங்கள் சாரதி கேதீசன் திறப்பைத் திருகினார். ‘டிக்’ என்றது. திரும்பவும் ‘டிக்’. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

“நேத்து கராஜில இருந்து வரக்க நல்லாத்தானே வந்த” என்று கேதீசன் அழாக்குறையாகச் சொன்னார். கனகசூரியம் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். “கலைப்பிரிவும் நல்ல பிரிவுதான் டீச்சர்.”

அப்போது விதுர்ஷா புத்தகப் பையைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கிப் பின்னால் போனாள். “அப்பா, கதைய விட்டுப்போட்டு வந்து தள்ளுங்க!” எல்லாப் பிள்ளைகளும் இறங்கினார்கள். தகப்பன்மாரும் வந்தார்கள். நானும் தள்ளினேன் அக்கா, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு. வயல்வெளி நேரே பாய் விரித்த மாதிரி. கால்வாய்ப் பாலத்து ஏற்றம் வரை தள்ளி, மறுபக்கம் உருளவிட்ட பிறகுதான் உறுமி எழும்பியது. எல்லாருடைய கையும் கறுப்பு. ஆனாலும் பள்ளிக்கூட மணி அடிக்க முன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முதற்பாடம் கிடைத்தது.

ஆனால் நாளாந்தம் தள்ள முடியாது. இன்று ஒரு பெற்றோர் பின்வாங்கவும் தொடங்கிவிட்டார். ஒரு வெள்ளாப்பிலும் ஏமாற்றியதில்லை என்று எழுதினீர்கள். இந்த முறை நான் நம்புகிறேன். அதனால் கேட்கிறேன்: நீங்கள் செய்த எதை நாங்கள் செய்யவில்லை?

சிவமணி


வாகரை,
23.08.2025

அன்பான சிவமணிக்கு,

ஐயோ, நீங்க அத எங்க விட்டீங்க? சம நிலத்திலயா?

எங்கட வளவு மேடு, றோட்டுப் பள்ளம். பின்னேரம் கொண்டுவந்தா றோட்டப் பாத்தபடி மேட்டிலதான் விடுவம். காலையில பிறேக்க விட்டா தன்ட பாட்டில இறங்கும், கிளச்ச விட்டா ஸ்டார்ட். திறப்பத் திருகி ஸ்டார்ட் எடுத்தத நான் கண்டதே இல்ல. எல்லா பஸ்ஸும் இப்பிடித்தான் எண்டு இருந்திட்டன். “மேடு இல்லாத ஊருக்குப் போகுது எண்டு எனக்கு ஆர் சொன்ன?” எண்டு இவர் என்னை ஏசுறார். ஸ்டாட்டர்ர காபன் தேஞ்சிருக்குமாம், மஜீட்டக் கழட்டிப் பாக்கச் சொல்லட்டாம். அது வரைக்கும் அந்தப் பாலத்து ஏத்தத்தில விடுங்க.

இவர் நல்லா இருக்கார். வெள்ளாப்பில எழும்பி, பஸ் நிண்ட இடத்தக் கூட்டுறார். அங்க கூட்ட ஒண்டும் இல்ல.

நீங்க கேட்ட எல்லாத்துக்கும் நான் பதில் எழுதிற்றன். நான் கேட்டது ஒண்டே ஒண்டு.

அக்கா,
சீதேவி


வவுணதீவு,
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

பஸ் முதலில். காபன்தான். மஜீட் மாற்றிவிட்டார், இப்போது திறப்புக்கே எழும்புகிறது. ஆனாலும் கேதீசன் பாலத்து ஏற்றத்தில்தான் விடுகிறார். கேட்டால், “அதுக்குப் பழக்கமாம்” என்கிறார். ஏழு பிள்ளைகளும் விஞ்ஞானத்தில்தான் இருக்கிறார்கள். பின்வாங்கியவரும் திரும்பி வந்துவிட்டார். கேதீசனுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். இருந்தும் பிள்ளைகள் வாயால் சொல்வதில்லை, கயிற்றைத்தான் இழுக்கிறார்கள். வெயில் ஏறினால் கருவாடு மணக்கிறது. நகரத்துப் பிள்ளைகள் ‘கருவாட்டு பஸ்’ என்று பழித்தார்களாம். “ஓம், நாங்க முதற்பாடத்துக்கு வாற கருவாடு” என்றாளாம் விதுர்ஷா.

உங்கள் கிணற்றில் உப்பு இருக்கிறது. எங்கள் கிணற்றைவிடக் குறைவு. பிள்ளைகளின் பஸ் மாமாவிடம் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. எனக்குப் பிள்ளைகள் இல்லை. கலியாணம் கட்டவில்லை. அந்த பஸ்ஸில் எனக்குரிய பிள்ளை என்று யாரும் போகவில்லை. ஒளிக்க வேண்டும் என்று இல்லை அக்கா. இதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்குப் பதில் சொன்னால் அதற்கடுத்தது வரும். அதனால் இதை யாருக்கும் சொல்லும் விடயமாகவே நான் எண்ணுவதில்லை. உங்கள் கருவாடு மாதிரி. நீங்கள் அடுத்த கேள்வியையும் கேட்கலாம். நேரில் கேளுங்கள்.

பதினான்காம் திகதி ஞாயிறு, பிள்ளைகளைக் கடல் பார்க்கக் கூட்டிக்கொண்டு வாகரைக்கு வருகிறோம். பஸ்ஸை உங்கள் வளவில் மேட்டிலேயே விடுவோம். திரும்பும்போது மேட்டிலிருந்து றோட்டு வரை இறக்கிவிடுவது மாமாவின் வேலை. அந்த வழியை அவருக்குக் கண் தேவையில்லாமலே தெரியும். பிள்ளைகள் அதற்குப் பிறகு ஏறுவார்கள்.

பின் சீட்டுகளைக் கழற்றச் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு வீட்டுக்கும் கருவாடு வேண்டுமாம். அடியில் பொலித்தீன் விரிப்போம், இது மட்டும் என் நிபந்தனை. வரும்போது அந்த இடம் வெறுமையாக இருக்காது. கனகசூரியம் உங்களுக்கென்று இரண்டு மூட்டை புது நெல் ஏற்றுகிறார்.

அது லோட் இல்லையாம்.

தங்கச்சி,
சிவமணி