சித்திரையில் எழுதிய தரிசு

நேற்று வல்லம் வடகாலைத் தாண்டும்போது ஷேர் ஆட்டோ நின்றுவிட்டது. முன்னால் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். புகை கொஞ்சம் விலகியதும் பால் பிடித்த நெற்கதிரின் வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தேன். தொழிற்சாலை மதிலுக்கும் சாலைக்கும் நடுவே நான்கைந்து வயல்கள், ஏரிக்கரை வரை, பச்சையாக நின்றன. பக்கத்தில் இருந்த பெண், "ஷிஃப்ட்டுக்கு லேட் ஆவுது, சூப்பர்வைசர் கைல சொல்லு" என்று கைப்பேசியில் கத்திக்கொண்டிருந்தாள். நான் உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். இதற்கு முன்னும் பலமுறை உட்கார்ந்து, எழுதாமல் எழுந்திருக்கிறேன்.

நீங்கள் உங்கள் ஊரின் தலையாரி. கிராம நிர்வாக அலுவலரின் காகிதங்களை வெள்ளிக்கிழமைதோறும் சைக்கிளில் கொண்டுவருவீர்கள். நான் ஒன்றிய அலுவலகத்தில் நிலப் பிரிவில் உதவியாளர். அப்போதெல்லாம் உங்களை "ஏம்பா" என்றுதான் கூப்பிட்டேன். நீங்கள் என்னைவிட மூத்தவர் என்பதே வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. 'நீங்கள்' என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அப்படியே எழுதுகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். திட்ட வரைபடத்தில் எந்த நிலம் எதற்கு என்று வண்ணம் தீட்டி வைத்திருந்தார்கள். அதன்படிதான் நடக்கிறதா, எது விளைகிறது, எது மனையாகிவிட்டது, எது சும்மா கிடக்கிறது என்று ஆண்டுக்கொரு முறை ஊர் ஊராகப் போய்ப் பார்த்துப் படிவத்தில் ஏற்ற வேண்டும். படிவத்தின் கடைசிப் பக்கத் தலைப்பு 'கையிருப்பு நிலம்'. யாருடைய கையிருப்பு என்று அதில் இல்லை. அன்று எனக்கு அது உறுத்தவும் இல்லை.

நான் ஒவ்வோர் ஆண்டும் சித்திரையிலேயே வந்தேன். ஆண்டு முடிவு வேலைகள் ஓய்ந்து, ஜீப் கிடைக்கும் மாதம் அது. அதோடு, ஓர் ஆண்டை இன்னோர் ஆண்டோடு ஒப்பிட வேண்டுமானால் ஒரே மாதத்தில் பார்ப்பதுதான் முறை என்று நானே ஒரு நியாயமும் வகுத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. உங்கள் ஊர் ஏரிப் பாசனம், ஒரே போகம். ஆவணியில் விதைத்தால் தையில் அறுப்பு. சித்திரையில் வெடித்த மண்ணும் மேயும் ஆடுகளும்தான் இருக்கும். படிவத்தில் இரண்டே கட்டங்கள்: பார்வையிட்ட நாளில் பயிர் உண்டு, பயிர் இல்லை. நான் பார்த்ததைத்தான் எழுதினேன். தரிசு.

"இன்னா சார் நீ," என்றீர்கள் ஒருமுறை, வரப்பில் எனக்குக் குடை பிடித்தபடி. "வல்லக்கோட்டைல மொட்ட போட்டுகினு வர்றவன் தலையப் பாத்து, இவனுக்கு முடியே மொளைக்காதுன்னு எழுதிகினு போற மாதிரி கீது. கார்த்திகைல வந்து பாரு சார், கால் வெக்க எடம் இருக்காது."

ஜீப் ஓட்டுநர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எழுதினேன்.

தொண்ணூற்றொன்றில் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தரிசாக உள்ள நிலங்களைத் தொழிற்பேட்டைக்கு உகந்தவை என்று பட்டியலிட வேண்டும். என்னிடம் மூன்று ஆண்டுப் படிவங்களும் ஒழுங்காக இருந்தன. மற்ற பிரிவுகளில் காகிதம் தேடிக்கொண்டிருந்தபோது நான் இரண்டே நாளில் முடித்தேன். உங்கள் ஊர் வயல்கள் ஏறக்குறைய எல்லாமே அதில் வந்துவிட்டன. பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். ஆட்சேபம் சொல்ல முப்பது நாள்.

அந்த முப்பது நாளுக்குள்ளேயே, கார்த்திகையில், ஒரு குடிநீர்க் கிணற்றைப் பார்க்க உங்கள் ஊருக்கு வர நேர்ந்தது. கரை மேல் ஏறியதும் நின்றுவிட்டேன். இடுப்பு உயரத்துக்கு நெல். காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. நீங்கள் அன்று கேலி செய்யவில்லை.

"அதோ, கரும்பச்சையா கீதே, அது நம்முளுது சார். எங்கப்பன் வெட்டித் திருத்துன நெலம். லிஸ்ட்ல அதும் கீதாமே?"

"திருத்தி எழுதிடறேம்பா," என்றேன்.

"நீ சொன்னா போதும் சார்."

எழுதினேன். அதுவும் உண்மை. பார்வையிட்ட மாதம் தவறு, மூன்று ஆண்டுப் பதிவும் திருத்தப்பட வேண்டும் என்று ஒன்றரைப் பக்கக் குறிப்பு. வெள்ளிக்கிழமை காலை மேலாளரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"மூணு வருஷமா தரிசுன்னு எழுதுனது யாருய்யா?"

"நான்தான் சார்."

"இப்ப நெல்லுன்றது?"

"நான்தான் சார்."

"ரெண்டுல ஒண்ணு பொய். எது பொய்னு நீயே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. ரெண்டையும் சேத்து மேல அனுப்பறேன். அப்புறம் அவங்க பாத்துக்குவாங்க ஒன்ன."

அவர் என்னை மிரட்டினாரா, இல்லை நடக்கப்போவதைத்தான் சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. "இன்னொரு தடவை சரிபார்த்துட்டுத் தரேன் சார்," என்று குறிப்பை வாங்கிக்கொண்டேன். என் மேசை இழுப்பறையில், அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே வைத்தேன். ஒரு வரி. அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தீர்கள்.

"போயிச்சா சார்?"

"போயிடுச்சு."

ஏன் அப்படிச் சொன்னேன்? அடுத்த வாரம் உண்மையாகவே அனுப்பிவிட்டால் பொய் இல்லாமல் போய்விடும் என்று கணக்குப் போட்டேன் போலிருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை நீங்கள் வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "ஊர்ல அல்லாம் டிராக்டர்ல கெளம்பிட்டானுங்க சார், மனு குடுக்க. நான்தான் நிறுத்திட்டேன். சார் எழுதி அனுப்பிட்டாருடா, இப்ப போய் மனு குடுத்தா சார் மேல புகார் குடுத்த மாதிரி ஆயிடும்னு சொன்னேன். செரிதானே?"

கெடு முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நான் நாள்காட்டியைப் பார்த்தேன். உங்களைப் பார்க்கவில்லை.

"சரிதாம்பா," என்றேன்.

அதன்பின் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில ஆண்டுகள் கழித்துக் கல் நட்டார்கள், கம்பி கட்டினார்கள், மண்ணடித்தார்கள். உங்கள் ஊரில் உங்களைத்தான் ஏசினார்கள். "ஆபீஸ்காரன் டீ வாங்கிக் குடுத்து மடக்கிட்டான் இவன" என்று தேநீர்க் கடையில் உங்கள் எதிரிலேயே சொன்னார்களாம். மனு கொடுத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று நான் எனக்குச் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் பக்கத்து ஊர்க்காரர்கள் மனு கொடுத்தார்கள். அவர்களுக்கும் பெரும்பகுதி போயிற்று. ஏரியை ஒட்டிய நான்கைந்து வயல்களை மட்டும் விட்டுவிட்டார்கள். நேற்று வாசனை வந்தது அங்கிருந்துதான். ஆகவே அந்த ஆறுதலும் எனக்கு இல்லை.

கடைசியாக உங்களைப் பார்த்தது தொழிற்சாலை வாசலில். தலையாரி வேலை முடிந்து அங்கே காவலாளியாகச் சேர்ந்திருந்தீர்கள். சீருடை தோளில் தொளதொளவென்று தொங்கியது. நான் ஓய்வு பெற்ற மறுவாரம், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று கிளம்பி வந்திருந்தேன். எழுந்து நின்று கும்பிட்டீர்கள். பிறகு வருகைப் பதிவேட்டைத் திறந்தீர்கள்.

"பேரு நானே எழுதிக்கிறேன் சார். வந்த காரணம்னு ஒரு கட்டம் கீது. இன்னா போடட்டும்?"

வாய் வரைக்கும் வந்தது. "சும்மா உன்னப் பாக்கத்தாம்பா," என்றேன்.

"சும்மா," என்று எழுத்துக்கூட்டி எழுதினீர்கள். பிறகு, என் முகத்தில் எதைக் கண்டீர்களோ, குரலைத் தாழ்த்தி, "நீ மனசுல வெச்சிக்காத சார். நீ எழுதுனே. மேல கீறவன் படிக்கல. அதுக்கு நீ இன்னா பண்ணுவே?" என்றீர்கள். உள்ளே சங்கு ஊதியது. ஷிஃப்ட் முடிந்து கும்பலாக வெளியே வந்தார்கள். அந்தச் சத்தத்தைச் சாக்காக வைத்து நான் விடைபெற்றேன்.

உங்கள் கருமாதிக்கு வந்தேன். உங்கள் மகள் எனக்கு நாற்காலி போடச் சொன்னாள். இப்போதும் கிருத்திகைக்குக் கோயிலில் எப்போதாவது அவளைப் பார்க்கிறேன். ஒளிந்துகொள்ள முயன்றாலும் கண்டுபிடித்து வந்துவிடுகிறாள். தன் பிள்ளைகளை முன்னால் தள்ளி, "தாத்தா சொல்லிகினே இருப்பாரே, நம்ம ஊருக்காக எழுதுன சாரு, இவருதான். கும்புடுங்க," என்கிறாள்.

பிள்ளைகள் குனிந்து என் காலைத் தொடுகிறார்கள். நான் அவர்கள் தலையில் கை வைத்து, "நல்லா இருங்க" என்கிறேன்.