எட்டு நாள் முன்னதாகத் தீர்ந்த மாத்திரை

அனுப்புநர்:
கயிறு, தார்ப்பாய் மொத்த வியாபாரி,
புறநோயாளி அட்டை எண் 4172,
லாரி நிறுத்தத்துக்கு எதிர்ப்புறம்.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசுப் பொது மருத்துவமனை.

பொருள்: மருந்து வழங்கும் பிரிவு, இரண்டாம் ஜன்னல் மருந்தாளுநர் அம்மையார் மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுதல் – அவரைக் கிடங்குப் பணிக்கு மாற்றாதிருக்க வேண்டுதல் – அதே ஜன்னலைப் பற்றி உண்மையான புகார் ஒன்று அளித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது புகார், நாள் மார்ச் 9.
2. தங்கள் அலுவலகக் கடிதம், நாள் ஜூலை 16.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த மார்ச் 9 காலை, தங்கள் மருத்துவமனையின் இரண்டாம் ஜன்னலில், கொழுப்பைக் குறைக்க நான் உட்கொண்டுவந்த ஸ்டேட்டின் வகை மாத்திரையைத் தர மருந்தாளுநர் அம்மையார் மறுத்தார். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும் என் சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டார். அன்றே அவர் மீது புகார் எழுதிக் கொடுத்தேன். அவர் மறுத்தது சரி. கேட்டதும் சரி. நான் எழுதியதுதான் தவறு.

2. தங்கள் கடிதம் நேற்று என் கைக்கு வந்தது. என் புகாரின் பேரில் மார்ச் 11 அன்றே அம்மையாரிடம் விளக்கம் கேட்கப்பட்டதாகவும், "நோயாளியின் உடல்நிலை விவரங்களை அவர் சம்மதமின்றி எழுத இயலாது" என்ற ஒரே வரியைத் தவிர அவர் வேறு எதுவும் எழுதித் தரவில்லை என்றும், ஆகவே அவரை நோயாளிகளைச் சந்திக்கத் தேவையில்லாத மருந்துக் கிடங்குக்கு மாற்ற உத்தேசித்திருப்பதாகவும், ஜூலை 24 விசாரணைக்கு நான் வர வேண்டும் என்றும் அதில் கண்டிருக்கிறது. அந்த ஒரு வரியை நான் நான்கு முறை படித்தேன். அவர் எழுத மறுத்த விவரங்களை இம்மனுவில் நானே எழுதுகிறேன். இதுவே என் சம்மதமும் ஆகும். கோப்பில் வைத்துக்கொள்ளவும்.

3. எனக்கு வயது ஐம்பத்து மூன்று. தோளில் கயிற்றுச் சுருளைச் சுமந்து தெருத் தெருவாக விற்றுக் கடை போட்டவன். என் அண்ணன் தன் ஐம்பத்து நான்காம் வயதில், தார்ப்பாய் மடித்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அதன் பிறகுதான் நான் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். கெட்ட கொழுப்பு நூற்றுத் தொண்ணூற்று இரண்டு. தினம் ஒரு மாத்திரை என்று தங்கள் டாக்டர் எழுதினார். பத்து மாதம் ஒழுங்காகப் போட்டேன். ஒரு தொந்தரவும் இல்லை. கொழுப்பு இறங்கியது, ஆனால் டாக்டர் சொன்ன அளவுக்கு இறங்கவில்லை. மார்ச் 12 அன்று மறுபரிசோதனை என்று தேதி கொடுத்தார்கள்.

4. இங்கேதான் என் வியாபார மூளை வேலை செய்தது. எடைக்கல் ஆய்வாளர் வருகிறார் என்றால் முதல் வாரமே கடையைக் கூட்டிப் பெருக்கி, தராசைத் துடைத்து வைப்பது எங்கள் வழக்கம். அதே மாதிரி, ரத்தப் பரிசோதனை வருகிறதே என்று மார்ச் 1 முதல் தினமும் இரண்டு மாத்திரையாகப் போட்டேன். டாக்டரிடம் நல்ல எண்ணைக் காட்டி 'சபாஷ்' வாங்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் இல்லை. யாரை ஏமாற்றுகிறேன் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

5. இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. மார்ச் 4 அன்று சளி, இருமல் என்று தனியார் கிளினிக் ஒன்றுக்குப் போனேன். ஏழு நாளுக்கு ஒரு ஆன்டிபயாடிக் எழுதினார்கள். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று அந்த டாக்டர் கேட்கத்தான் செய்தார். "ஒண்ணும் இல்ல" என்றேன். ஒரு கடையில் வாங்கும் சரக்கைப் பற்றி இன்னொரு கடையில் வாய் திறக்கக் கூடாது என்பது இருபத்தாறு வருடமாக எனக்கு ஊறிப்போன பழக்கம். கயிற்றுக்கு அது சரி. மாத்திரைக்குச் சரியில்லை என்று எனக்குத் தெரியாது. சில ஆன்டிபயாடிக்குகள், சில வகைக் கொழுப்பு மாத்திரைகளை உடம்பை விட்டுச் சுலபமாக வெளியேற விடாமல் தடுத்துவிடுமாம். நான் போட்டது இரண்டு. உடம்பில் தேங்கியது அதைவிடப் பல மடங்கு.

6. மார்ச் 9 காலை மாத்திரை தீர்ந்துபோய் ஜன்னலுக்கு வந்தேன். அம்மையாருக்கு வரிசையில் 'எண்ணிக்கை அம்மா' என்று பெயர். காலியான மாத்திரை அட்டையைக் கொடுத்தால்தான் புது அட்டை. அன்று என் சீட்டைப் பார்த்தவர் கேட்டது: "போன மாசம் பதினஞ்சாந்தேதி முப்பது வாங்கியிருக்கீங்க. இன்னும் எட்டு நாள் இருக்கே ஐயா, மிச்சம் எங்க?" தொலைந்துவிட்டது என்று வாய் கூசாமல் சொன்னேன். "சரி, அட்டையக் குடுங்க" என்றார். சட்டைப்பையில் இருந்த மூன்று அட்டைகளையும் பழக்கதோஷத்தில் எடுத்து நீட்டிவிட்டேன். முப்பது குழியும் காலி. அவர் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணிவிட்டு, "மாத்திரை மட்டும் தனியாக் கழண்டு போயி தொலைஞ்சுதா?" என்றார். பின்னால் நின்ற லாரி டிரைவர் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

7. அதற்கு மேல் அவர் என்னைத் திட்டவில்லை. முகம் மாறிவிட்டது. "தொடையில, தோள்ல வலி இருக்கா? படி ஏற முடியுதா?" என்றார். "மூட்டை தூக்குற உடம்பும்மா, வலிக்காமலா இருக்கும்" என்றேன். "ஒண்ணுக்கு என்ன நிறத்துல போகுது?" என்றார். அவர் மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அந்த ஜன்னலில் மெதுவாகக் கேட்பதற்கு இடம் எங்கே இருக்கிறது? அடுத்த ஆளின் முழங்கை என் விலாவில். டிரைவர், "அண்ணே, சொல்லிருங்க, நாங்களும் தெரிஞ்சுக்கறோம்" என்றார். வரிசை முழுக்கச் சிரிப்பு. "நான் என்ன சாயப்பட்டறையா வச்சிருக்கேன், நிறம் பாக்க?" என்று கத்தினேன். அவர் குரல் உயரவே இல்லை. "கோபப்படுங்க, பரவால்ல. ஆனா இந்த மாத்திரைய இன்னைக்குப் போடாதீங்க. அஞ்சாம் நம்பர் ரூம்ல டாக்டர் இருக்காங்க, இப்பவே பாத்துட்டுப் போங்க. நானே கூட வர்றேன்" என்று எழுந்தே விட்டார். நான் நேராகத் தங்கள் அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் அநாகரிகமாகப் பேசினார், மருந்து தர மறுத்தார் என்று எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது பேனா பிடித்த கை கடுத்தது. கோபத்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

8. வீட்டுக்குப் போய், ஆறுதலாக நாலு வார்த்தை கிடைக்கும் என்று மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்தவள், "அதெல்லாம் இருக்கட்டும். என்ன நிறம்?" என்றாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். "ரெண்டு நாளா கைப்பிடியப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் படி ஏறுறீங்க. நான் பாக்கலன்னு நெனச்சீங்களா? நிறத்தச் சொல்லுங்க." கடுங்காப்பி மாதிரி என்று சொன்னேன். சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து எழப் பார்த்தேன், கால் வரவில்லை. அவளும் பக்கத்துக் கடை தச்சரும் ஆளுக்கு ஒரு தோளைப் பிடித்துத் தங்கள் மருத்துவமனைக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

9. தசை கரைகிறது என்றார் டாக்டர். அதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எண், இருக்க வேண்டியதைப் போல முப்பது மடங்கு. கரைந்த தசை சிறுநீரகத்தில் போய் அடைக்கும். அதனால்தான் அந்த நிறம். இரண்டு மருந்தையும் நிறுத்தி நான்கு நாள் சலைன் ஏற்றினார்கள். ஆன்டிபயாடிக் இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது, மாத்திரையும் அன்று கையில் கிடைத்திருந்தால் சிறுநீரகம் தாங்கியிருக்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். இப்படி ஆவது மிக அபூர்வம், ஆயிரக்கணக்கானோர் இதே மாத்திரையை வருடக்கணக்கில் நிம்மதியாகப் போடுகிறார்கள் என்றும் சொன்னார். அபூர்வமான காரியத்தை நானே வலியத் தேடிப் போயிருக்கிறேன்.

10. ஐயா, நான் வேண்டுவது உயிர் பிழைத்ததற்கான நன்றிக்காக மட்டும் அல்ல. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் பெரிது. ஆறு வாரம் கழித்து, உடம்பு தேறியதும், டாக்டர் வேறு வகை மாத்திரையைக் குறைந்த அளவில் எழுதினார். நிறுத்தியிருந்த நாட்களில் கொழுப்பு பழையபடி ஏறிவிட்டிருந்தது. ஏப்ரல் 22 அன்று ஜன்னலில் சீட்டை நீட்டி, "எழுதிட்டாங்களேன்னு வாங்கறேன்மா. போட மாட்டேன். பட்டது போதும்" என்றேன். அவர் மாத்திரையைத் தரவில்லை. மறுபடியும் மறுப்பா என்று பார்த்தால், சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து, டிபன் டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, வேப்ப மரத்தடி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

11. "உங்க கயித்துல ஒண்ணு அறுந்துபோச்சுன்னா கடைய மூடிருவீங்களா?" என்றார். ஏன் அறுந்தது என்று பார்ப்பேன் என்றேன். "என்ன காரணமா இருக்கும்?" பெரும்பாலும் தாங்குவதற்கு மேல் ஏற்றியிருப்பான், அல்லது கூர்முனையில் உரச விட்டிருப்பான் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. அவரும் அதற்கு மேல் அதை இழுக்கவில்லை. "மாத்திரைய ரெண்டு மடங்காக்கினா பலன் ரெண்டு மடங்கு ஆகாதுங்கய்யா. கொழுப்பு இன்னும் கொஞ்சூண்டு இறங்கும், தொந்தரவுதான் கூடும். அளவ ஏத்தறதும் எறக்கறதும் டாக்டர் வேலை. நீங்களா ஏத்தவும் வேணாம், நீங்களா நிறுத்தவும் வேணாம். உங்க அண்ணன் கதைய நீங்கதானே எனக்குச் சொன்னீங்க?" என்றார். எப்போதோ வரிசையில் நின்றபோது சொன்னது, நானே மறந்துவிட்டேன். பிறகு என் புறநோயாளி அட்டையின் பின்புறம் பெரிய எழுத்தில், எந்த மருந்துக் கடைக்காரருக்கும் தெரியும்படி, நான் என்ன மாத்திரை போடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். மணி அடித்தது. டப்பாவைத் திறக்காமலே உள்ளே போய், ஜன்னல் வழியாக மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்.

12. அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கையில், என்னால் வந்த, விளக்கம் கேட்கும் கடிதம் ஆறு வாரமாக இருந்திருக்கிறது. மே மாதம் வந்தேன், ஜூன் மாதம் வந்தேன், இம்மாதமும் வந்தேன். அட்டையை எண்ணினார், வலி கேட்டார், நிறம் கேட்டார். "என் மேல புகார் குடுத்தீங்களே" என்று ஒரு வார்த்தை? ஒரு பார்வை? கிடையாது. நானோ, கோப்பு எங்காவது தூங்கிக்கொண்டிருக்கும், கிளறுவானேன் என்று இருந்துவிட்டேன். தங்கள் அலுவலகம் தூங்கவில்லை. அதற்காகத் தங்களைப் பாராட்டும் நிலையில் நான் இல்லை. என் கடையில் என்னைப் பற்றி ஒருவன் பொய் எழுதியிருந்தால் அவனுக்கு ஒரு முழக் கயிறு கூட விற்றிருக்க மாட்டேன்.

13. ஜூன் 18 பரிசோதனையில் கெட்ட கொழுப்பு நூற்று நான்கு. தசைப் பரிசோதனை எண் சரியான அளவில். வலி இல்லை. படி ஏறுகிறேன். இந்த எண் திருட்டுத்தனம் இல்லாமல் வந்த எண். அறிக்கைகளின் நகலையும், அவர் கையெழுத்தில் உள்ள அட்டையின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

14. ஆகவே என் மார்ச் 9 புகாரைத் தள்ளுபடி செய்து, அம்மையாரை இரண்டாம் ஜன்னலிலேயே இருக்க விட வேண்டுகிறேன். கிடங்கில் பெட்டிகளை எண்ண யாரையும் போடலாம். பெட்டி பொய் சொல்லாது. பொய் சொல்லும் ஆளைக் காலி அட்டையை வைத்துப் பிடிப்பவர் ஜன்னலில்தான் இருக்க வேண்டும். தவறான புகார் கொடுத்ததற்கு நடவடிக்கை உண்டு என்றால், அது என் மீது இருக்கட்டும். ஜூலை 24 விசாரணைக்கு வந்து இதையே எல்லோர் முன்னிலையிலும் சொல்வேன்.

15. உண்மையான புகார்: அந்த ஜன்னலில் ஒரு மனிதன் தன் உடம்பைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேச இடம் இல்லை. அன்று பக்கத்தில் ஒரு தடுப்பு இருந்திருந்தால் நான் வெட்கப்பட்டிருக்க மாட்டேன், உண்மையைச் சொல்லியிருப்பேன். எத்தனை பேர் இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்களோ தெரியாது. ஓர் ஆள் உயரத்தில் மரப்பலகைத் தடுப்பும், வரிசையை நான்கடி தள்ளி நிறுத்த ஒரு கயிறும் போட்டுத்தர அனுமதி வேண்டும். தச்சர் தயார். கயிறு என்னிடமே இருக்கிறது. கடைப் பெயர் எழுத மாட்டேன்.

16. இம்மனு எழுதுவது அம்மையாருக்குத் தெரியாது. வேப்ப மரத்தடியில் அவருக்கும் எனக்கும் பேசி முடிந்த நிபந்தனைகளை மட்டும் தங்கள் பார்வைக்குத் தருகிறேன். அவர் கிடங்குக்குப் போய்விட்டால் இவற்றை யாரிடம் காப்பாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. தினம் ஒரு மாத்திரை. மறந்த நாளுக்கு மறுநாள் இரண்டாகப் போடுவதில்லை. மாதம் ஒருமுறை காலி அட்டை அவர் கையில். வேறு எங்கு எந்த மருந்து வாங்கினாலும், இருமல் மருந்தானாலும், முதலில் அவர் எழுதித் தந்த அட்டையைக் காட்டுவேன். காரணமில்லாத தசைவலியோ, சிறுநீரில் கருத்த நிறமோ கண்டால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே வருவேன். அவர் தரப்பில் ஒன்றே ஒன்று: எப்போது வேண்டுமானாலும் கேட்பார். என் தரப்பில் கடைசி ஒன்று: வரிசையில் யார் நின்றாலும், கேட்டால் நிறத்தைச் சொல்வேன்.

நாள்: ஜூலை 18
இடம்: கடை மேஜை

இப்படிக்கு, தன் புகாரைத் தானே மறுக்கும்,
(கையொப்பம்)
கயிறு, தார்ப்பாய் வியாபாரி
அட்டை எண் 4172