ரேடியோவில் இரண்டு தட்டு

மெரிட் கோவ், மேய்ன்
மார்ச் 14, 1995

அன்புள்ள ஆல்டன்,

நீ இப்போது இருக்கிற உன் அண்ணன் ஹார்லனின் சக்கரம் வைத்த வண்டிவீட்டில் போன் கிடையாது. எனக்கோ வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. அதனால் கடிதம். கல்யாணத்துக்கு முன்னால்கூட நான் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை, விவாகரத்து ஆன பிறகு எழுதுகிறேன் பார்.

"சமாதானமாப் போக வழியே இல்லையா?" என்று நீதிபதி கேட்டபோது, "இவகூட மனுஷன் இருக்க முடியாதுங்க" என்றாயே, அது கொஞ்சம் அதிகம். வக்கீல் சொல்லிக்கொடுத்ததா, இருபத்தாறு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்ததா?

நேற்றெல்லாம் வக்கீல் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சொந்தப் படகில் மீன்பிடிக்கப் போகிறவன் குடும்பத்துக்கு, அதுவும் தொண்டையில் கட்டி வந்த பிறகு, எந்தக் கம்பெனியும் காப்பீடு தராது. படகு சொத்துக் கணக்கில் வருமாம், அது இருக்கிறவரை உன் மனைவிக்கு ஏழைகளுக்கான அரசாங்க வைத்தியமும் கிடையாது. படகை விற்றால் சாப்பாடு கிடையாது. ஆக, நான் உன் மனைவியாக இல்லாமல் போனால்தான் எனக்கு ஆபரேஷன். இதைச் சொல்லிவிட்டு அந்த மனிதர் சாண்ட்விச் சாப்பிட்டார்.

அரசாங்க உதவி அலுவலகத்துப் பெண் வீட்டைப் பார்க்க வந்திருந்தாள். வாசலில் உன் ரப்பர் பூட்ஸ்! "இது யாரோடது?" என்றாள். "திருடன் பயப்படட்டும்னு வெச்சிருக்கேன்" என்று எழுதிக் காட்டினேன். அதையும் எழுதிக்கொண்டாள். இனி எதையும் விட்டுவிட்டுப் போகாதே. நாம் நடிப்பது தெரிந்தால் எல்லாம் போச்சு.

தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற டாட், "ஆல்டனுக்கா? இன்னும் சண்டை முடியலையா?" என்றாள். புல்வெட்டும் மெஷின் யாருக்கு என்று தகராறு என்று எழுதிக் காட்டினேன்.

'உன் மனைவி' என்று கையெழுத்துப் போடக் கூடாதாம். வக்கீல் சொல்கிறார்.

வெர்னா


ஹார்லன் வீடு
ஏப்ரல் 23, 1995

அடி வெர்னா,

புல்வெட்டும் மெஷின் எனக்குத்தான்.

உன் ஆபரேஷன் அன்றைக்கு வந்திருந்தேன். உனக்குத் தெரியாது. சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டுதான் வந்தேன், இருந்தாலும் இரை மீன் வாசனை போகவில்லை. வார்டு வாசலில் நர்ஸ், "நீங்க யாரு?" என்றாள். "அவ புருஷனா இருந்தவன்" என்றேன். "இருந்தவரா, இருக்கிறவரா?" என்றாள். அவள் மேல் தப்பில்லை, கேட்க வேண்டியதைத்தான் கேட்டாள். "இருந்தவன்தான்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. "மன்னிச்சுக்குங்க, குடும்பத்தார் மட்டும்தான்" என்றாள்.

காசு போட்டு எடுக்கிற குளிர்பானப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வெளியே வந்து உன் தங்கை நார்மாவிடம் பேசினார். கட்டியை முழுக்க எடுத்துவிட்டதாகவும், குரல் இனி வராது என்றும் சொன்னார். நான் பெட்டிக்குப் பின்னால் நின்று கேட்டேன். அழுதேன். சொல்லிவிட்டேன், திரும்பத் திரும்பக் கேட்காதே.

ஒரு யோசனை. சமையலறையில் ரொட்டிப் பெட்டி பக்கத்தில் படகுகளோடு பேசுகிற ரேடியோ இருக்கிறதல்லவா, சாயங்காலம் அதைப் போட்டு வை. கடலிலிருந்து கடைசிச் சிங்கி இறால் கூண்டை இழுத்ததும், "கடைசியும் ஏறிடுச்சு, கரைக்கு வரேன்" என்று பக்கத்தில் மீன்பிடிக்கிற வெண்டலின் படகுக்குச் சொல்வேன். அது வெண்டலுக்கு இல்லை, உனக்கு. நீ பேச வேண்டாம். மைக் பொத்தானை இரண்டு தடவை அமுக்கு, இங்கே டிக் டிக் என்று கேட்கும். ஏதோ கரகரப்பு என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அந்த உதவி அலுவலகத்து அம்மாள் கடலுக்கு வரப் போவதில்லை.

சட்டப்படி உனக்கு எந்த உறவும் இல்லாத,
ஆல்டன்


மெரிட் கோவ்
ஜூலை 16, 1995

அன்புள்ள ஆல்டன்,

நேற்று சர்ச் பீன்ஸ் விருந்தில் நடந்ததை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. நீ ஒரு கோடியில், நான் ஒரு கோடியில் என்றுதானே ஏற்பாடு? கை கேட்டால்தானே! பன்றிக்கறித் துண்டை ஒதுக்கிவிட்டு பீன்ஸ், அடிப்பக்கத்து ரொட்டி, கடுகு ஊறுகாய் இரண்டு என்று உனக்குப் பிடித்தபடி தட்டை நிரப்பி எடுத்துக்கொண்டு நேரே வந்து உன் முன்னால் வைத்துவிட்டேன். "விவாகரத்து பண்ணியும் பரிமாறுறியா வெர்னா?" என்றாள் ஊர்வம்பு தெல்மா. நான் கழுத்தில் ஆபரேஷன் துளையை மூடின துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நீ, "சமைச்சது அவ இல்லையே, அதான் தைரியமாச் சாப்பிடறேன்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். கிழவா, காப்பாற்றிவிட்டாய். ஆனாலும் வீட்டுக்கு வந்து அழுதேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரேடியோவில் உன் பேச்சு சரியாக இல்லை. "கடைசியும்" என்று சொல்லி நிறுத்துகிறாய், மூச்சு வாங்கி, பிறகுதான் "ஏறிடுச்சு" வருகிறது. மற்றவர்கள் கவனிக்க மாட்டார்கள். எனக்கு நாள் முழுக்க வேறு வேலையே இல்லை, அதைத்தான் கேட்கிறேன். விருந்தில் இடது கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். என்ன அது? டாக்டரிடம் போ.

இன்னொன்று. என் கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்துவிட்டது. பேசாமல் திரும்பக் கல்யாணம் செய்துகொள்ளலாம் ஆல்டன். வீடு ரொம்பக் காலியாக இருக்கிறது. உன் குறட்டைகூட வேண்டியிருக்கிறது என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்.

வெர்னா


ஹார்லன் வீடு
ஆகஸ்ட் 6, 1995

வெர்னாவுக்கு,

முடியாது. உன்னை மாதிரி பிடிவாதக்காரியை இரண்டாம் தடவை கட்டிக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா?

கோபப்படாதே. இனிமேல்தான் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உன்னைப் பரிசோதிக்க வேண்டும் என்று நார்மா சொன்னாள். கட்டி திரும்பி வந்தால் முதல் வருஷத்தில்தான் வருமாம். இப்போது கல்யாணம் செய்தால் மறுநாளே உன் அரசாங்க வைத்திய அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள். இத்தனை நாள் இந்த வண்டிவீட்டில் ஹார்லனின் இருமலைக் கேட்டுக்கொண்டு கிடந்தது எதற்கு? அடுத்த வசந்தத்தில் டாக்டர் "சரி" என்று சொல்லட்டும். அன்றைக்கே பாதிரியாரைப் படகில் ஏற்றிக்கொண்டு வருகிறேன்.

கை ஒன்றுமில்லை. கூண்டு இழுக்கிற கை வலிக்கத்தான் செய்யும். பசுமாட்டு மடிக்குத் தடவுகிற களிம்பை ஹார்லன் தேய்த்துவிடுகிறான், மாடு மாதிரி இருக்கிறேன். நீ சொன்னாய் என்று டவுன் டாக்டரிடம் போனேன், அதுவும் நிஜம். முன்னால் உட்கார்ந்திருந்த பெண், எங்கே வலிக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், "காப்பீடு எது?" என்றாள். "இல்லை" என்றேன். என்னென்ன பார்க்க வேண்டியிருக்கும், எவ்வளவு ஆகும் என்று அன்பாகத்தான் சொன்னாள். தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சீசன் முடியட்டும், டிசம்பரில் போகிறேன். சத்தியம்.

தினம் நான்கு மணிக்கு அந்த இரண்டு தட்டு கேட்டால்தான் எனக்குப் பசிக்கிறது.

ஆல்டன்


மெரிட் கோவ்
ஆகஸ்ட் 11, 1995

ஆல்டன்,

டிசம்பர் வேண்டாம். இந்த வாரமே போ. கடன் ஆனால் ஆகட்டும், வீட்டை எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும். நம் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் வைத்தியம் என்று நீயாக முடிவு கட்டிவிட்டாய். என்னைக் கேட்டாயா? எனக்குக் குரல் இருந்தால் ஹார்லன் வீட்டு வாசலில் நின்று ஊர் கேட்கக் கத்தியிருப்பேன்.

போ. என்மேல் ஆணை.

வெர்னா


மெரிட் கோவ்
அக்டோபர் 1, 1995

என் ஆல்டன்,

நீ போகவில்லை. கையில் வலி வந்தபோதே வந்திருந்தால் இதயத்தைப் பார்த்திருக்கலாம் என்று ஹார்லனிடம் டாக்டர் சொன்னாராம். உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இப்போதைக்குத் தீராது.

செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு ரேடியோ பக்கத்தில் நின்றிருந்தேன். உன் சத்தம் வரவில்லை. நான்கே கால் ஆனது. வெண்டல் கூப்பிட்டான், "ஆல்டன், எங்கய்யா இருக்க? ஆல்டன்!" பிறகு ஒவ்வொரு படகிலிருந்தும் உன்னைக் கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட வேண்டுமே! வாயைத் திறக்கிறேன், காற்று. மைக்கை எடுத்துப் பொத்தானைத் தட்டினேன். இரண்டு தட்டு, இரண்டு தட்டு, நிறுத்தாமல்.

எல்லாச் சத்தமும் அடங்கிவிட்டது. பிறகு வெண்டல் மெதுவாகச் சொன்னான்: "வெர்னா, நீதானேம்மா? எங்களுக்கெல்லாம் தெரியும். நாலு மணிக்கு உங்க ரெண்டு பேருக்காகத்தான் யாரும் பேசாம இருப்போம். தேடிட்டு இருக்கோம். நீ தட்டிக்கிட்டே இரு, அவனுக்குக் கேக்கட்டும்."

தட்டிக்கொண்டே இருந்தேன். தீவுக்குப் பின்னால் உன் படகு தானாகவே வட்டமடித்துக்கொண்டிருந்ததாம். நீ ரேடியோ பக்கத்தில்தான் விழுந்து கிடந்தாயாம். உனக்குக் கேட்டதா, ஆல்டன்? அது தெரிந்தால் போதும் எனக்கு.

ஆஸ்பத்திரித் தாளில் ஹார்லன் கையெழுத்துப் போட்டான், நான் போட முடியாதாம். உன்னை அடக்கம் செய்த அன்று சர்ச்சில் பின்வரிசையில் உட்கார்ந்தேன். தெல்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்து முன்வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். அவளைப் பற்றி நாம் பேசியதெல்லாம் தப்பு.

உன் பூட்ஸை ஹார்லனிடமிருந்து வாங்கி வந்து வாசலில் வைத்திருக்கிறேன். உதவி அலுவலகத்துப் பெண் வந்து யாருடையது என்று கேட்டால் உண்மையைச் சொல்வேன், எழுதிக்கொள்ளட்டும்.

இந்தக் கடிதத்தை ஹார்லன் விலாசத்துக்கே போடப் போகிறேன். டாட் உறையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள். சண்டை இன்னும் முடியவில்லை என்று எழுதிக் காட்டுவேன்.

உன் மனைவி,
வெர்னா