மூன்றாம் நாளே திறந்த கதவு

ஜூன் 3

அன்புள்ள மருமகளுக்கு அத்தை எழுதிக்கொள்வது. நான் நலம். நீ என்னிடம் விட்டுப் போன உன் நாய் மேனேஜரும் நலம். ஒரு சுற்றுப் பெருத்துவிட்டான். வாசலில் படுத்துக்கொண்டு யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்ப்பதுதான் இன்றைக்கும் அவன் உத்தியோகம்.

பூனைக்குட்டி வாங்கப்போகிறேன் என்று எழுதினேனே, நேற்று அடுத்த வீட்டுத் தையல்காரம்மாவிடம் வாங்கிவிட்டேன். பேரன் தவழப்போகிற வீட்டில் எலி இருக்கலாமா? இப்போதைக்கு எலியைப் பார்த்தால் இதுதான் ஓடும். வளரட்டும்.

நீ எழுதியதெல்லாம் படித்தேன். குட்டிக்குப் பத்து நாள் தனி அறை. அது படுத்த துணியை மேனேஜர் மோந்து பார்க்க வேண்டும். பிறகு கதவிடுக்கில் பார்வை. அதற்கும் பிறகு அவனைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு நேரில். பெண் பார்க்கிற சடங்கைக்கூட இவ்வளவு பக்குவமாக யாரும் நடத்தியதில்லை, அம்மா! நாலு பிள்ளை வளர்த்தவளுக்கு ஒரு பூனைக்குட்டி பெரிசா? ஆனாலும் நீ சொன்னபடியே செய்கிறேன்.

நீ பயிற்சிக்குப் போகும் மூன்று மாதமும் பேரன் என்னிடம்தான் என்று தெருவில் ஒருத்தர் விடாமல் சொல்லியாயிற்று. தொட்டில் துணி கொடியில் காய்கிறது.

இப்படிக்கு,
அத்தை

ஜூன் 5

அன்புள்ள மருமகளுக்கு,

மனசு சரியில்லை. நேற்று மேனேஜர் குட்டியைக் கடித்துவிட்டான். நான் துணி காயப்போடப் போன நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருக்கிறான். குட்டிக்குப் பின்னங்கால் எலும்பு முறிந்துவிட்டது. டாக்டர் கட்டுப் போட்டிருக்கிறார், பிழைத்துக்கொள்ளும் என்றார். நான் கண்ணும் கருத்துமாகத்தான் இருந்தேன். நாய்ப் புத்தி, என்ன செய்வது?

அத்தை

ஜூன் 9

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதுவிட்டேன். கண் திறக்காத குட்டியாக எடுத்து, பஞ்சைப் பாலில் நனைத்து ஊட்டி வளர்த்தேன் அவனை. ஆனால் சாத்தின கதவைத் தள்ளிக்கொண்டு போய்க் கடித்தான் என்றால், தவழுகிற பிள்ளையை அவன் பக்கத்தில் எப்படி விடுவேன்? "வேற வழியே இல்ல, அனுப்பிடு" என்று உங்கள் மகனும் சொல்லிவிட்டார்.

மில் காவலாளி ஒருவர் அவனை வளர்க்கச் சம்மதித்திருக்கிறார். 14ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து கூட்டிப்போவார்.

நீங்கள் உங்களை நொந்துகொள்ளாதீர்கள். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. நீங்கள் இருக்கிற தைரியத்தில்தானே பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறேன்.

அன்புடன்,
மருமகள்

ஜூன் 14

அன்புள்ள மருமகளுக்கு,

காவலாளி வந்தார். திருப்பி அனுப்பிவிட்டேன். "வரச்சொல்லிட்டு இப்ப இல்லைன்னா எப்படிம்மா? ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்" என்று முறைத்துவிட்டுப் போனார். அவர் கையில் கயிற்றைப் பார்த்ததும், வெளியே உலாத்தக் கூப்பிடுகிறார் என்று நினைத்து மேனேஜர் தானே கழுத்தை நீட்டினான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

அவன் கதவைத் தள்ளவில்லை. திறந்தது நான். மூன்றாம் நாளே திறந்தேன்.

தையல்காரம்மாவும் இன்னும் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். "என் வீட்ல நாயும் பூனையும் ஒரே தட்டுல சாப்பிடும், பாக்குறீங்களா?" என்று பெருமை அடித்தேன். அவன் அப்போது சோறு தின்றுகொண்டிருந்தான். "வேணாங்கக்கா, அது சாப்பிடுற நேரம்" என்று தையல்காரம்மா சொன்னாள். "நீ போய் ஊசியில நூலைக் கோரு, எனக்குப் பாடம் எடுக்காதே" என்றேன். குட்டியைக் கொண்டுபோய் அவன் தட்டுக்குள்ளேயே இறக்கினேன். அது மிரண்டு அவன் மூக்கைப் பிறாண்டியது. அவன் ஒரே ஒரு தடவை கவ்வினான். நான் கத்தியதும் விட்டுவிட்டான்.

நாலு பேர் பார்க்கிறார்களே என்று அவனை விளக்குமாற்றால் அடித்தேன். திருப்பி உறுமக்கூட இல்லை. காதை மடக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

உங்கள் மேல் தப்பில்லை என்று நீ எழுதிய வரியை மறுபடி படிக்க எனக்குத் தெம்பில்லை. உள்ளதைச் சொன்னால் பேரனை விடமாட்டாய் என்றுதான் வாயைத் திறக்கவில்லை. இப்போதும் அந்தப் பயம் இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

அத்தை

ஜூன் 19

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. மேனேஜர் அங்கேயே இருக்கட்டும். காவலாளியிடம் நான் பேசிவிட்டேன்.

குட்டியை அவசரப்பட்டுக் காட்டியது யாருக்கும் நடக்கக்கூடியதுதான். ஆனால் செய்யாத குற்றத்துக்கு அவனை நான் வெறுத்தேனே, அத்தை. அது ஆறவில்லை.

பிள்ளையை என் அம்மாவிடம் விடுகிறேன். கோபத்தில் எடுத்த முடிவில்லை. அவனுக்கு ஒன்று என்றால் எனக்கு உள்ளது உள்ளபடி தெரிய வேண்டும். 28ஆம் தேதி வரை நானும் அம்மா வீட்டில்தான் இருப்பேன். நீங்கள் வரலாம்.

மருமகள்

ஜூன் 22

அன்புள்ள மருமகளுக்கு,

நீ செய்தது சரி. உன்னைச் சமாதானப்படுத்த இதை எழுதவில்லை. "பேரன் எப்ப வர்றான்?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "வரல, தப்பு என்னோடது" என்று சொல்லிவிட்டேன். தையல்காரம்மாவிடமும் போய்ச் சொன்னேன். "விடுங்கக்கா" என்று டீ கொடுத்தாள்.

குட்டியைத் தனி அறையில் வைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். இன்றைக்கு நாலாம் நாள். குட்டி படுத்த துணியை நீட்டினால் மேனேஜர் எழுந்து போய்விடுகிறான். குட்டியை அல்ல, என் கையைத்தான் பார்த்துப் பயப்படுகிறான் என்று தெரிகிறது.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நீ பக்கத்தில் இருந்தால் பேரனைத் தூக்கிக்கொள்கிறேன். உனக்கு வேலை இருந்தால், தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தை