ஹீலர் முன்னால் ஓடினான்

ஞாயிறு இரவு, நகரி

குவைத்திலிருக்கும் அண்ணன் வியாழக்கிழமையிலிருந்து போன் எடுக்கவில்லை. இன்று சாயங்காலம் கேமில் அவன் பெயர் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. ஓடிப்போய் நைனாவிடம், "உம் புள்ள கேமுக்கு வந்துட்டான்" என்று சொன்னேன்.

அண்ணன் எப்போதும் ஹீலர்தான் எடுப்பான். சண்டையில் எனக்குப் பின்னால் நின்று, நான் அடிபட அடிபட உயிர் ஏற்றிவிடுவான். இன்று அந்த ஹீலர் வாள்வீரன் மாதிரி முன்னால் ஓடி அரக்கனை அடித்தான். என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. நான் செத்துப்போனேன்.

"இன்னாணா பண்ணிக்கினு இருக்கே?" என்று மைக்கில் கேட்டேன். ஹீலர் மறுபடி முன்னால் ஓடினான்.

"நீ யாரு?" என்றேன்.

தெரியாத குரல் வந்தது. "அவன் ரூம்மேட்டும்மா. நீ பயப்படக் கூடாதுன்னு அவன்தான் என்னை ஆடச் சொன்னான்."

"அவன் எங்க?"

மைக்கை அணைத்துவிட்டார்.

வியாழனுக்குப் பிறகு நைனா இன்றுதான் வயிறாரத் துன்னுட்டுத் தூங்குகிறார்.